முதல் நாளில் ஒரு மணி நேரம்: அரசு மனநலப் பிரிவு மருத்துவர்களுக்கும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே, துறை அதிகாரிகளே,

வணக்கம். நான் மருத்துவம் படித்தவள் இல்லை. தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. என் தம்பிக்கு இருமுனை மனநிலைக் கோளாறு இருக்கிறது, நீங்கள் பைபோலார் என்று எழுதுவது. மனது ஒரு காலம் மிதமிஞ்சி ஏறும், ஒரு காலம் அடியோடு இறங்கும். அந்தப் பெயர் அவனிடம் வந்து சேர ஐந்து வருடம் ஆனது. அதற்குள் வேறு இரண்டு நோய்ப் பெயர்கள் அவன் சீட்டில் ஏறின. இரண்டுக்கும் மாத்திரை சாப்பிட்டான், இரண்டிலும் அடிபட்டான். அந்த ஐந்து வருடத்தில் நான் பார்த்ததை வைத்து உங்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். மனநலப் பிரிவுக்கு ஒருவர் முதன்முதலாக வரும் நாளில், அவருக்கும் கூட வந்தவர்களுக்கும் ஒரு மணி நேரம் கொடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்ல, நடந்ததைச் சொல்ல வேண்டும்.

தம்பிக்கு அப்போது 22 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஒரு நாள் ஊருக்கு வந்தான். வந்தவன் மூலையில் சுருண்டு படுத்தான். குளிக்கச் சொன்னால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். அம்மா ஊட்டினால் இரண்டு வாய். இரண்டு மாதம் பார்த்துவிட்டு ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். காலை ஏழு மணிக்கு ஓ.பி. சீட்டு வாங்கி, பதினொன்றரைக்கு உள்ளே போனோம். மூன்று கேள்விகள். தூக்கம் வருதா, சாப்பிடுறானா, சாகணும்னு தோணுதா. ஆறு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டோம். என்ன நோய் என்று யாரும் சொல்லவில்லை. மாத்திரை கொடுக்கும் இடத்தில் இருந்த பெண்தான் சீட்டைப் பார்த்து “இது டிப்ரஷனுக்குக்கா” என்றார்.

அந்த மருத்துவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்களுக்குப் பின்னால் நின்ற வரிசையை நானும் பார்த்தேன். அவர் கேட்ட மூன்றும் சரியான கேள்விகள். அன்றைக்கு அவனுக்கு இருந்ததும் மனச்சோர்வுதான்.

மூன்றாவது வாரம் தம்பி எழுந்து உட்கார்ந்தான். நான்காவது வாரம் சிரித்தான். அம்மா கோயிலில் பொங்கல் வைத்தாள். அதற்கடுத்த வாரம் அவன் விடிகாலை மூன்று மணிக்கு வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தான். பேச்சு நிற்கவில்லை. அம்மாவின் செயினை அடகு வைத்து இரண்டு பழைய ஆட்டோ வாங்கினான், தெருவுக்கே வேலை தரப்போவதாகச் சொன்னான். பத்தாவது ராத்திரி நெடுஞ்சாலையில் லாரிகளை மறித்து நின்றவனைப் போலீஸ்தான் வீட்டில் கொண்டுவந்து விட்டது.

இந்த முறை வேறொரு மருத்துவமனை. “காதுல குரல் கேக்குதா?” “கேக்குது.” “யார் பேசுறா?” “சுடலை.” எங்கள் ஊர்ச் சாமியின் பெயர் அது. அதோடு கேள்விகள் முடிந்தன. சீட்டில் மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதினார்கள், ஊசி போட்டார்கள். அந்தப் பெயரோடு நாலரை வருடம் இருந்தான். கை நடுங்கியது, வாயில் எச்சில் வடிந்தது, மரத்தில் செய்த பொம்மை நடக்கிற மாதிரி நடந்தான். அது பிடிக்காமல் மாத்திரையை நிறுத்துவான், மறுபடி ஏறும், மறுபடி வார்டு. ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டில் பழைய சீட்டைப் பார்த்து அதே பெயரை எழுதினார்கள். முதலில் எழுதியது சரிதானா என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

பெயர் மாறியது ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். மேற்படிப்பு படிக்கும் இளம் பெண் மருத்துவர் ஒருவர் எங்களை உட்கார வைத்தார். மறுநாள் வகுப்பில் தம்பியின் கேஸை அவர் விளக்கியாக வேண்டும், அதற்காக முழு விவரமும் எழுத வேண்டியிருந்தது. என் தம்பிக்கு ஐந்து வருடத்தில் முதல் தடவையாக ஒரு மணி நேரம் கிடைத்தது அப்படித்தான். ஒரு மாணவியின் பாடத்துக்கு அவன் தேவைப்பட்டதால். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அந்த வாரம் வேறு யாருடைய கேஸையாவது அவர் எடுத்திருந்தால்?

அவர் அம்மாவைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார். “இவர் இப்படிப் படுத்துக்கிறதுக்கு முன்னாடி, எப்பவாவது ஒரு வாரம் பத்து நாள் தூக்கமே இல்லாம, ஆனா அசதியும் இல்லாம இருந்தாராம்மா?” அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாளாம். தம்பிக்கு 19 வயதில் சுடலை மாடன் கோயில் கொடை, எங்கள் ஊர்த் திருவிழா. வரி பிரித்தது அவன், பந்தலுக்கு அலைந்தது அவன், வில்லுப்பாட்டுக்காரர்களுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போனது அவன். ராத்திரி முழுக்க நோட்டீஸ் எழுதினான். கமிட்டிக்காரர்களோடு கை நீட்டும் அளவுக்குச் சண்டை. பத்து நாள் கண்ணே மூடவில்லை. ஊரெல்லாம் சாமி அருள் என்றது. கொடை முடிந்து மூன்று வாரத்துக்கு எழுந்திருக்கவே இல்லை, அலைச்சல் என்று நினைத்துக்கொண்டோம்.

“ஏம்மா, அது சீக்கா? அப்ப அவன் நல்லால்லா இருந்தான்!” என்று அம்மா அந்த மருத்துவரிடமே கேட்டிருக்கிறாள்.

ஐந்து வருடமாக அந்தப் பத்து நாள் கதையை அம்மா எந்த மருத்துவரிடமும் சொல்லாததற்குக் காரணம் இதுதான். மறைக்கவில்லை. பிள்ளை நன்றாக இருந்த நாட்களை மருத்துவரிடம் எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டாள். அதைக் கேட்கத் தெரிந்தவர் நீங்கள்தான். அதே மணி நேரத்தில், அம்மாவின் சித்தப்பா ஒருவர் ஒரு வருடம் பணத்தை வாரி இறைத்து, அடுத்த வருடம் கிணற்றில் விழுந்து செத்துப்போனதும் வெளியே வந்தது. அதை நானே அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அடகுக் கடன் எவ்வளவு என்று அம்மா முன்னால் என்னால் சொல்ல முடியாமல் இருந்ததை அவரிடம் சொன்னேன். தம்பியிடம் தனியாக அரை மணி. கடைசியாக மூத்த மருத்துவர் வந்து பேசினார். ஒரு வாரம் வார்டில் வைத்துப் பார்த்தார்கள். பெயர் மாறியது.

இதற்கப்புறம்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் உங்களுக்குத் தெரியாதது எதுவும் இருக்காது. ஆனால் வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியாது, அவர்களும் படிக்கட்டும் என்று சேர்த்தே எழுதுகிறேன்.

சர்க்கரைக்கு இரத்தப் பரிசோதனை இருப்பதுபோல் மனச்சோர்வுக்கோ மனச்சிதைவுக்கோ இருமுனைக் கோளாறுக்கோ கிடையாது. ஸ்கேனில் தெரியாது. தம்பிக்கும் தலையில் ஸ்கேன் எடுத்தோம், “ஒண்ணும் இல்ல” என்று வந்தது, உடனே சொந்தக்காரர்கள் நடிக்கிறான் என்று பேசினார்கள். ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் எதற்கு என்றால், மனநோய் மாதிரி வேடம் போடும் உடல்நோயைப் பிடிக்க. தைராய்டு குறைந்தால் ஆள் மந்தமாகி மனச்சோர்வு போலவே தெரியும். பி12 குறைவு, இரத்தசோகை, சில வகை வலிப்பு, மூளையில் வரும் அழற்சி என்று பட்டியல் நீளம். என் தம்பிக்குத் தைராய்டு பார்த்தது ஐந்தாவது வருடத்தில். நல்லவேளையாகச் சரியாக இருந்தது. இல்லாமல் இருந்திருந்தால் என்ன சொல்வோம்?

அதெல்லாம் இல்லை என்று ஆன பிறகு, நோயைக் கண்டுபிடிக்கிற கருவி கேள்வியும் காதும்தான். ஆள் எப்படி உட்காருகிறார், எப்படிப் பேசுகிறார், எண்ணம் எப்படி ஓடுகிறது, தனக்கு நோய் என்று நினைக்கிறாரா என்று பார்ப்பது. இத்தனை நாளாக இருக்கிறதா என்று காலம் கேட்பது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. என்ற நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மனச்சோர்வுக்கு இரண்டு வாரம். ஏறுமுகமான பித்து நிலைக்கு ஒரு வாரம். இன்றைக்குச் சோர்ந்து படுத்திருப்பவருக்கு முன்பு ஒரு தடவை அப்படி ஏறியிருந்தால் நோயின் பெயரே வேறு. மாத்திரையும் வேறு, ஏனென்றால் இருமுனைக் கோளாறு உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் சிலரைப் பித்து நிலைக்குத் தூக்கிவிடும். என் தம்பிக்கு அதுதான் நடந்தது என்று அந்த மருத்துவர் சொன்னார். இவ்வளவும் ஒரே ஒரு கேள்வியின் பதிலில் நிற்கிறது. அந்தக் கேள்வி முதல் நாள் ஆறு நிமிடத்துக்குள் வரவில்லை.

காதில் குரல் கேட்பதும் அப்படித்தான். மனச்சிதைவில் கேட்கும். பித்து நிலை உச்சத்தில் இருக்கும்போதும் கேட்கும், கடுமையான மனச்சோர்விலும் கேட்கும். எங்கள் பக்கத்தில் கொடை அன்றைக்குச் சாமியாடும் கோமரத்தாடிக்கும் கேட்கும், அவர் மறுநாள் வயலுக்குப் போய்விடுவார், அது நோயே இல்லை. எது எந்தக் குரல் என்று பிரிக்க, “யார் பேசுறா” என்பதற்குப் பின்னால் இன்னும் பத்துக் கேள்வி வேண்டும். அந்தக் குரல் எப்போது வந்தது, கோயிலில் மட்டுமா, உங்கள் வீட்டில் வேறு யாருக்கு இப்படி வரும், அது உங்களைத் திட்டுகிறதா தூக்கி வைக்கிறதா. சுடலை என் தம்பியிடம் நீ ராஜா என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டிருந்தால் போதும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்ற மனநோய்க் கையேட்டிலேயே இதற்கென்று 16 கேள்விகளில் ஒரு பண்பாட்டு நேர்காணல் இருக்கிறது. மருத்துவர்கள் சொல்வதிலிருந்து வேறுபட்டாலும் பரவாயில்லை, உங்கள் பிரச்சினையை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள் என்றுதான் அது தொடங்குகிறது. நம் மாவட்டங்களுக்காகவே எழுதியது போல இருக்கிறது எனக்கு.

சாமிக்கு விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பக்கத்துப் பயமும் உண்டு. தம்பி இரண்டாம் முறை ஏறியபோது, எங்காவது கொண்டுபோய்க் கட்டிப்போட்டு வையுங்கள், தானாகத் தெளியும் என்று சொன்ன சொந்தக்காரர்கள் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகினார்கள், 28 பேர். அவர்களும் யாரோ ஒருவருக்குத் தம்பிதான், தங்கைதான். அம்மா அந்த ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக நின்றாள், “எம்புள்ளைக்குச் சங்கிலி கெடையாது” என்று. அந்த உறுதியோடு உங்களிடம் வருபவர்களுக்கு ஆறு நிமிடம் மட்டும் கிடைத்தால், அடுத்த தடவை சொந்தக்காரர் பேச்சு ஜெயித்துவிடும்.

ஒரே நோயாளிக்கு ஆளுக்கு ஒரு பெயர் எழுதும் கதை நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு என்ற பெயர் லண்டனைவிட மிக அதிகமாக எழுதப்படுவது ஏன் என்று இரண்டு நாட்டு மருத்துவர்களும் சேர்ந்து ஆராய்ந்து, 1972இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரே மாதிரி பயிற்சி பெற்றவர்கள் ஒரே கேள்வி முறையில் இரண்டு ஊர் நோயாளிகளையும் பேட்டி கண்டபோது அந்த வித்தியாசம் பெருமளவு காணாமல் போனது. நோயாளிகள் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருந்தார்கள், மருத்துவர்களின் பழக்கம்தான் வேறு. நியூயார்க்கில் மனச்சிதைவு என்று எழுதப்பட்ட பலருக்கு உண்மையில் மனநிலைக் கோளாறு இருந்தது. இதைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை. என் தம்பி பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முன்பே தெரிந்துபோன தவறு இது. முறையாகக் கேட்டால் குறையும் என்பதும் அப்போதே தெரிந்துவிட்டது.

முறையாகக் கேட்பது என்றால் படிவத்தை நீட்டுவது இல்லை. இப்போது சில இடங்களில் வரிசையில் நிற்கும்போதே ஒன்பது கேள்வித் தாள் ஒன்றைக் கொடுக்கிறார்கள், பி.எச்.க்யூ.-9. கடந்த இரண்டு வாரத்து மனச்சோர்வைப் பற்றிக் கேட்டு, 27க்கு மதிப்பெண் போடும் தாள். நல்ல கருவிதான், யாரை மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று பிரித்துக் காட்டும். ஆனால் அந்த ஒன்பதில் ஒன்றுகூட, முன்பு எப்போதாவது தூக்கம் இல்லாமல் துள்ளினாயா என்று கேட்பதில்லை. கொடைக் கதை அதில் எங்கேயும் எழுத இடமில்லை.

மொழியையும் சொல்லியாக வேண்டும். “மன அழுத்தம்” என்ற ஒரு சொல்லைப் பேப்பர்காரர்கள் டிப்ரஷனுக்கும் போடுகிறார்கள், ஸ்ட்ரெஸ்ஸுக்கும் போடுகிறார்கள். ஆபீசில் வேலை அதிகம் என்பவரும், சாக வேண்டும் என்று தோன்றுகிறவரும் உங்களிடம் அதே சொல்லைத்தான் சொல்வார்கள். இன்னொரு பக்கம், எங்கள் ஊரில் வயதான பெண்கள் மனது என்ற சொல்லையே எடுக்க மாட்டார்கள். நெஞ்சு படபடங்குது, உடம்பெல்லாம் எரியுது, ஒண்ணும் பிடிக்கல, யோசனையா வருது என்பார்கள். அந்த எரிச்சலுக்கு இரைப்பை மாத்திரை வாங்கிக்கொண்டு வருடக்கணக்கில் சுற்றுகிறவர்களை நான் அறிவேன். அவர்கள் சொன்ன சொல்லை அப்படியே தமிழில் சீட்டில் எழுதி வையுங்கள். “லோ மூட்” என்று நீங்கள் பெயர்த்து எழுதிய பிறகு அடுத்த மருத்துவருக்கு அவர் சொன்னது கிடைக்காது.

சட்டமும் உங்களிடம் இதைத்தான் எதிர்பார்க்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. நாட்டிலோ உலகிலோ ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்படிதான் மனநோயைத் தீர்மானிக்க வேண்டும் என்கிறது அதன் மூன்றாம் பிரிவு. ஒருவர் முன்பு மனநோய்க்குச் சிகிச்சை எடுத்தார் என்பது மட்டுமே இப்போது அவருக்கு நோய் என்று சொல்லக் காரணம் ஆகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. பழைய சீட்டைப் பார்த்துப் பெயரை இறக்கி எழுதும்போது இந்த வரியை நினைத்துக்கொள்ளுங்கள். நோயின் தன்மையை, நோயாளிக்குப் புரிகிற மொழியில் தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு என்று 22ஆம் பிரிவில் இருக்கிறது. எங்களுக்கு அதைச் சொன்னது மாத்திரை கொடுத்த பெண்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். இந்த நாட்டில் லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு எடுத்துக்கொண்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை என்று அது கண்டது. அப்படியென்றால் உங்கள் அறை வாசலில் நிற்பவர்கள், வெட்கத்தையும் பஸ் காசையும் ஒரு நாள் கூலியையும் தாண்டி வந்து சேர்ந்த கொஞ்சம் பேர். நீங்கள் ஒருவரே எல்லாருக்கும் ஒரு மணி நேரம் உட்கார முடியாது, சரி. ஆனால் மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவில் உளவியலாளருக்கும் சமூகப் பணியாளருக்கும் செவிலியருக்கும் இடம் இருக்கிறது. துறை அதிகாரிகளிடம் நான் கேட்பது இதைத்தான். அந்த இடங்களைக் காலியாக விடாதீர்கள், நிரப்பியவர்களை ரிஜிஸ்டர் எழுதவும் முகாமுக்குப் பேனர் கட்டவும் அனுப்பாதீர்கள். முதல் நாள் கதை கேட்கும் வேலையைக் கொடுங்கள். புதிதாக வருபவர்களுக்கு வாரத்தில் இரண்டு மதியம் தனியாக ஒதுக்குங்கள். நோயாளியிடம் தனியாக, வீட்டாரிடம் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு. வரிசையில் பின்னால் நிற்பவர் காதில் விழும்படி, சாகணும்னு தோணுதா என்று கேட்டால் யார் ஆமாம் என்பார்கள்?

முதல் நாளே பெயரைத் தீர்மானித்தாக வேண்டும் என்றும் நாங்கள் எதிர்பார்க்கவில்லை. “இப்போதைக்கு இப்படித் தெரியுது, ஒரு மாசம் பாத்துட்டுச் சொல்றேன்” என்று சொன்னால் எங்களுக்குப் புரியும். அதைச் சீட்டிலும் எழுதுங்கள். மாத்திரை தரும்போது, தூக்கம் திடீரென்று குறைந்தாலோ பேச்சு கூடினாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் ஓடி வா என்று ஒரு வாக்கியம் சொல்லுங்கள். அன்று அம்மாவிடம் யாராவது அதைச் சொல்லியிருந்தால் அவள் பொங்கல் வைத்திருக்க மாட்டாள், பஸ் ஏறியிருப்பாள்.

தம்பி இப்போது இருமுனைக் கோளாறுக்கான லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறான். குறித்த நாளில் இரத்தத்தில் அதன் அளவு பார்க்கிறோம். ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறான். நடுக்கம் போய்விட்டது, கையெழுத்து பழையபடி அழகாக வருகிறது. அந்த இளம் மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி, அவன் எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று அம்மா ஒவ்வொரு காலையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறாள். மூன்றாவது வரை படித்தவள், எண்கள் பெரிதாக இருக்கும். மருத்துவமனைக்கு வரும்போதெல்லாம் அதை மஞ்சள் பையில் வைத்து எடுத்து வருவாள்.

போன வாரம் போனோம். புதிதாக வந்திருந்த மருத்துவர் பழைய சீட்டைப் பார்த்து அதே மாத்திரை என்றார், அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நோட்டு பைக்குள்ளேயே வீட்டுக்குத் திரும்பி வந்தது. ராத்திரி நான் எடுத்துப் பார்த்தேன். ஏழு மணி, ஏழு மணி என்று போய்க்கொண்டிருந்தது, கடைசி ஒன்பது நாளாக ஆறு, ஐந்தரை, ஐந்து, நாலரை என்று இறங்கியிருக்கிறது. தம்பி நன்றாக இருக்கிறான், சுறுசுறுப்பாக இருக்கிறான், அம்மாவோடு சிரித்துப் பேசுகிறான்.

வரும் திங்கட்கிழமை மறுபடியும் வருகிறோம். அம்மா கையில் மஞ்சள் பை இருக்கும். தயவுசெய்து அந்த நோட்டை வாங்கிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு அக்கா